சர்வர் அறைச் சூட்டில் இளம்புழு: தேன்கனிக்கோட்டையில் மூன்று மார்கழி

தேன்கனிக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் போகிற ரோட்டில் என் அக்கா வீடு. முன்கட்டை ஒரு கட்டட வரைபட நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பின்கட்டில் அக்காவும் மாமாவும் பட்டு இளம்புழு வளர்ப்பு மையம் நடத்துகிறார்கள். சாக்கி சென்டர் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

சுவருக்கு இந்தப் பக்கம் எட்டு கம்ப்யூட்டர்கள் ஒரு ரேக்கில் இரவெல்லாம் ஓடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்களை விடிவதற்குள் படமாக்கி முடிக்க வேண்டும். அவை கக்குகிற சூட்டை வெளியே தள்ள ஏசியும் கூடவே ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம், அதே இரவில், அக்கா கரி அடுப்பை விசிறிக்கொண்டிருப்பார். அந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு வருடம் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் போய் வந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு மார்கழி இரவில், ஏசி அவுட்டோர் யூனிட்டின் முன்னால் நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது மாமா கரி மூட்டையோடு கடந்து போனார். அப்போதுதான் உறைத்தது: சுவரின் ஒரு பக்கம் வெளியே தள்ளுகிற சூட்டையே மறு பக்கம் கரி போட்டு உண்டாக்குகிறோம்.

அதற்கப்புறம் மூன்று குளிர்காலம் முயன்றோம். ஒரு முறை ஒரு பேட்ச் புழு முழுதும் செத்தது, ஒரு முறை பாதி வேலை நடந்தது, ஒரு முறை வேலை செய்தது. என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். இந்த வட்டாரத்தில் இன்னொருவர் இதைச் செய்ய நினைத்தால் புழுவைச் சாகடித்துக் கற்றுக்கொள்ளக் கூடாது.

புழுவுக்கு என்ன தேவை

முட்டையிலிருந்து வெளிவந்த பட்டுப்புழுவை முதல் இரண்டு தோலுரிப்பு வரை, ஏழெட்டு நாள், ஓர் இடத்தில் பக்குவமாக வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் சாக்கி சென்டரின் வேலை. இந்த வயதுப் புழுவுக்கு 27, 28 டிகிரி சூடு வேண்டும். ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் வேண்டும். சூடு குறைந்தால் புழு உடனே சாகாது. தழை தின்பது குறையும், தோலுரிப்பு தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய தொல்லை, எல்லாம் ஒரே நேரத்தில் தோலுரிக்காது. ஒரு தட்டில் பாதி தோலுரிப்புக்காக உறங்க, பாதி தின்றுகொண்டிருந்தால், பிறகு விவசாயி வீட்டில் கூடு கட்டும் நாள் வரை அந்த ஏற்றத்தாழ்வு போகவே போகாது. அதுதான் ஏலத்தில் விலையாகத் தெரியும்.

இந்த மேட்டுநிலத்தின் தட்பவெப்பம் பட்டுக்கு ஏற்றது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் மரபணு வள மையமே ஓசூரில்தான் இருக்கிறது. ஆனால் மார்கழி, தை விடியற்காலைகளில் வெளியே 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த ரெண்டு மாதம்தான் இளம்புழுவுக்குச் சோதனை. கரி அடுப்பு வைத்தால் புகை, மூச்சுமுட்டல், ராத்திரியில் மூன்று முறை எழுந்து கரி போட வேண்டும். கரண்ட் ஹீட்டர் வைத்தால் பில்.

கணக்கு

கம்ப்யூட்டர் இழுக்கிற கரண்ட் முழுதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. ஒளியும் ஃபேனின் அசைவும்கூடச் சுவரில் பட்டுச் சூடாகத்தான் முடியும். எங்கள் ரேக்கில் எட்டு மெஷின். முழு வேகத்தில் ஒவ்வொன்றும் சுமார் 400 வாட் இழுக்கும். மொத்தம் 3.2 கிலோவாட். ஒரு பெரிய கீசரை விடிய விடிய அணைக்காமல் விட்டதற்குச் சமம்.

புழு அறை 20 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், காங்கிரீட் தளம். வெளியே 13, உள்ளே 27 என்றால் 14 டிகிரி வித்தியாசம். சுவர், தளம், கதவிடுக்கு வழியாகக் கசிவதைக் கூட்டினால் இரண்டரை முதல் மூன்று கிலோவாட் வந்தது. வேண்டியதும் கிடைப்பதும் ஏறத்தாழ ஒன்றே. காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

முதல் மார்கழி: காற்றை அப்படியே திருப்பினோம்

ரேக்கின் பின்பக்கம் வரும் காற்று 40 டிகிரி இருக்கும். சுவரில் ஒன்றரை அடி ஓட்டை போட்டு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, அந்தக் காற்றைப் புழு அறைக்குள் தள்ளினோம். வெளிக்காற்று சர்வர் அறைக்குள் வரும், ரேக்கைக் கடந்து சூடாகும், புழு அறைக்குப் போகும். ஏசியை நிறுத்திவிட்டோம். அன்றிரவு அறை 27 டிகிரியைத் தொட்டபோது மாமா கரி மூட்டையை வெளியே கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் காலை அக்கா ஒரு தட்டை எடுத்துவந்து காட்டினார். நறுக்கிப் போட்ட மல்பெரித் தழை ஓரமெல்லாம் சுருண்டு, கையில் எடுத்தால் நொறுங்கியது. அடியில் புழுக்கள் கறுப்பு நூல் துணுக்கு போல, தின்னாமல் கிடந்தன.

"சூடு இருந்து என்னடா தம்பி பண்றது, தழை அப்பளமாட்டம் ஆயிடுச்சே" என்றார்.

காரணம் எளிது, நான்தான் யோசிக்கவில்லை. 13 டிகிரியில் பனியோடு இருக்கும் காற்று ஈரம் நிறைந்ததாகத் தோன்றும். அதே காற்றை 27 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் குறையவில்லை, சூடான காற்றுக்குத் தாகம் கூடிவிட்டது. நனைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டோம், தட்டுகளின் மேல் பாரஃபின் தாள் மூடினோம், ஓரங்களில் ஈர ஸ்பாஞ்ச் வைத்தோம். இதெல்லாம் சாக்கி சென்டர்களில் வழக்கமாகச் செய்வதுதான், இரண்டு மடங்கு செய்ய வேண்டியிருந்தது. அது சரியாயிற்று.

சரியாகாதது அடுத்த பேட்சில் வந்தது. ஏசி இல்லாததால் சர்வர் அறை கதகதப்பாக இருந்தது. இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் வெளியே குளிரில் உட்காராமல் உள்ளே வந்து படுத்திருக்கிறார். கொசு கடித்திருக்கிறது. கொசுவிரட்டி லிக்விடைப் பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கியிருக்கிறார். கொசுவைக் கொல்லும் அந்த மருந்து பட்டுப்புழுவுக்கும் விஷம், அதுவும் மிகச் சிறிய அளவிலேயே. ஃபேன் அதை ராத்திரி முழுக்கப் புழு அறைக்குள் அள்ளிக் கொட்டியிருக்கிறது.

காலையில் நான் பார்த்ததை மறக்க முடியவில்லை. இரண்டாம் பருவப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. வாயிலிருந்து பச்சையாக ஈரம் கசிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் உடல் சுருங்கி அடங்கிவிட்டன. 800 முட்டைத் தொகுதி. ஒரு தொகுதி என்றால் நானூறு முட்டைக்கு மேல். நான்கு ஊர் விவசாயிகள் மல்பெரித் தோட்டத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முன்பணத்தை அக்கா வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். காவல்காரப் பெரியவர் மேல் குற்றமே இல்லை; அந்தச் சுவரில் ஓட்டை போட்டால் என்னவெல்லாம் கடந்துபோகும் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். புழு அறையில் ஊதுபத்தி கூடக் கொளுத்தாத வீடு அது.

அன்றே ஓட்டையை அடைத்தோம். சூடு மட்டும்தான் சுவரைத் தாண்ட வேண்டும், காற்று தாண்டக் கூடாது என்பது அந்த 800 தொகுதியை விலையாகக் கொடுத்து நாங்கள் கற்ற பாடம்.

இரண்டாம் மார்கழி: தண்ணீர்

அந்த வருடம் முழுக்க மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். டென்மார்க்கில் ஒடென்ஸ் என்ற நகரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குப் பெரிய டேட்டா சென்டர், அதாவது கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக இரவு பகலாக ஓடும் கட்டடம், இருக்கிறது. அதன் சூட்டில் அந்த ஊர் வீடுகளைக் கதகதப்பாக்குகிறார்கள். முதல் கட்டமாக ஆண்டுக்கு 1 லட்சம் மெகாவாட் மணி வெப்பம், 6,900 வீடுகளுக்கு என்று திட்டம். அங்கேயும் சர்வர் காற்றை யார் வீட்டுக்குள்ளும் விடுவதில்லை. சூடான காற்று தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருள்களைக் கடக்கிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகிறது, அந்தத் தண்ணீரின் சூட்டை ஹீட் பம்ப் என்ற இயந்திரம் எடுத்து, இன்னும் சூடான தண்ணீராக்கி, தெருவுக்கடியில் ஏற்கெனவே போட்டிருக்கும் குழாய்களில் அனுப்புகிறது. நம் ஊரில் குடிநீர்க் குழாய் போல அங்கே வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் இருக்கிறது. அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே போட்ட குழாய். டேட்டா சென்டர் பிறகு வந்து அதில் சேர்ந்துகொண்டது.

நான் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். தர்மபுரியில் பழைய இரும்புக் கடையில் இரண்டு லாரி ரேடியேட்டர் வாங்கினோம். ஒன்றை ரேக்கின் பின்னால், இன்னொன்றைப் புழு அறையில். நடுவில் ஒரு சின்ன பம்ப், சுவரில் இரண்டு குழாய்த் துளை மட்டும்.

காற்று கலக்கவில்லை. தழை முன்னளவுக்குக் காயவில்லை. ஆனால் அறை 27-க்கு வரவில்லை. 22, 23-இல் நின்றது. ரேக்கிலிருந்து வரும் காற்று 40 டிகிரி. அதிலிருந்து தண்ணீர் சூட்டை வாங்கும்போது 33, 34 டிகிரிதான் ஆகிறது. அந்தத் தண்ணீர் அறைக்குக் கொடுக்கும்போது இன்னும் இறங்குகிறது. ஒவ்வொரு கைமாறும்போதும் சில டிகிரி கழிகிறது. ரேடியேட்டரைக் கடந்த காற்றும் 36 டிகிரியோடு வெளியே போய்விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 3.2 கிலோவாட்டில் அறைக்குப் போய்ச் சேர்ந்தது பாதிக்கும் குறைவு.

இந்தச் சூடு அளவில் பெரியது, தரத்தில் தாழ்ந்தது. அடுப்புச் சூடு தரமானது. 900 டிகிரிக் கரி சோறும் வடிக்கும், அறையையும் சூடாக்கும். 40 டிகிரிக் காற்றுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒடென்ஸில் ஹீட் பம்புக்குப் பெருஞ்செலவு செய்தது ஏன் என்று அந்த லாரி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. மீதிக்கு 2 கிலோவாட் ஹீட்டரை வைத்தோம். அது விடிய விடிய ஓடாமல் விட்டுவிட்டு ஓடியது. கரி வேண்டியிருக்கவில்லை. அந்த அளவில் அது தோல்வியும் இல்லை.

மூன்றாம் மார்கழி: ஹீட் பம்ப் வீட்டிலேயே இருந்தது

சர்வர் அறையில் எப்போதும் இரண்டு ஒன்றரை டன் ஏசி உண்டு. ஒன்று ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். ஏசி என்பதே ஹீட் பம்ப்தான். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து, அமுக்கி, உயர்ந்த சூடாக்கி அவுட்டோர் யூனிட் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த அவுட்டோர் யூனிட்டின் முன்னால்தான் நான் முதன்முதலில் குளிர் காய்ந்தேன். இரண்டு வருடம் கழித்துத்தான் அதையே தூக்கி உள்ளே வைக்கலாம் என்று தோன்றியது.

புழு அறைக்கு முன்னால் கால் கழுவி, செருப்பு மாற்றும் ஒரு சின்ன முன்னறை உண்டு. ஓய்வில் இருந்த ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கழற்றி அந்த முன்னறையில், தரையில், தடித்த ரப்பர் கட்டைகள் மேல் வைத்தோம். சுவரில் மாட்டியிருந்தால் அதிர்வு தட்டுகளுக்குப் போகும். சுவரைத் தாண்டுவது இரண்டு செப்புக் குழாயும் அதற்குள் ஓடும் கேஸும் மட்டும். புழு அறையின் சொந்தக் காற்றே முன்னறைக்கு வந்து சூடாகி, கதவுக்கு மேலே விட்ட திறப்பு வழியாகத் திரும்பப் போகிறது. வெளிக்காற்றை இழுத்துக் காயவைக்கவில்லை என்பதால் ஈரமும் நின்றது. நனைத்த சாக்கு பழைய அளவே போதுமாக இருந்தது.

3.2 கிலோவாட் சர்வர் சூட்டோடு, கம்ப்ரசர் இழுக்கும் கரண்டும் ஏறத்தாழ ஒரு கிலோவாட் சூடாகச் சேர்ந்துகொள்கிறது. இப்போது அறைக்கு நான்கு கிலோவாட். 27 டிகிரி தாராளமாக வந்தது. 28-ஐத் தாண்டினால் ஒரு தெர்மோஸ்டாட் இந்த ஏசியை நிறுத்தி, வெளியே அவுட்டோர் யூனிட் உள்ள மற்ற ஏசியை ஓட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 13 டிகிரி இரவில் அந்த ரேக்கைக் குளிர்விக்க ஏசியே தேவையில்லை. ஜன்னலைத் திறந்து ஒரு ஃபேன் வைத்தால் போதும். ஆகவே அந்த ஒரு கிலோவாட் இலவசம் இல்லை, புழுவுக்காகச் செலவழிப்பது. ஆனால் அதைக் கொடுத்தால் நான்கு கிலோவாட் வருகிறது. ஹீட்டரில் அதே சூட்டுக்கு நான்கு கிலோவாட்டும் கொடுக்க வேண்டும். அந்தக் கரண்டை யார் பில்லில் சேர்ப்பது என்பதில் நிறுவனத்துக்கும் மாமாவுக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. தனி மீட்டர் போட்டு மாமா கட்டுகிறார்.

பேட்சுக்கு முன்னால் அறையை பிளீச்சிங் பவுடரும் ஃபார்மலினும் போட்டுக் கழுவும்போது அவுட்டோர் யூனிட்டைத் தார்பாயால் இறுக்கி மூடிவிடுகிறோம். அந்த நெடி அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அந்த இரண்டு நாளும் மற்ற ஏசிதான்.

எல்லாம் ஒழுங்காக ஓடியது, டிசம்பர் 24 வரை. அன்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியது. வேலை வரவில்லை. எட்டு மெஷினும் சும்மா நின்றன. சும்மா நிற்கிற கம்ப்யூட்டர் வெகு குறைந்த கரண்டே இழுக்கும், சூடும் அவ்வளவுதான். வருடத்தின் மிகக் குளிர்ந்த வாரம், புழு முதல் தோலுரிப்பில். இரவு பதினொன்றரைக்கு அக்கா போன் செய்தார்: "தம்பி, அறை 21-க்கு வந்துடுச்சு, உன் மெஷின் தூங்குதாடா?" பழைய ஹீட்டரை எடுத்து வைத்தோம். பேட்ச் பிழைத்தது, ஒரு நாள் தள்ளி.

சூட்டைக் கொடுப்பவருக்குச் சூடு கழிவு. அவர் தன் வேலைக்கேற்ப ஓடுவார், நிற்பார். வாங்குபவருக்கு அதுதான் உயிர். வெப்பக் குழாய் வைத்திருக்கும் ஐரோப்பிய ஊர்களிலும் டேட்டா சென்டரை மட்டும் நம்பி இருப்பதில்லை, தனியாகக் கொதிகலன்கள் தயாராக இருக்கும். எங்களுக்கு அந்தக் கொதிகலன் 2 கிலோவாட் ஹீட்டர். இப்போது அது முன்னறையிலேயே, 25 டிகிரிக்குக் கீழே போனால் தானே ஓடும்படி வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் வேறு கதை: யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், அதற்கப்புறம் ரேக்கும் நிற்கும் ஏசியும் நிற்கும். அப்போது கதவை மூடித் தட்டுகளைப் போர்த்துவதைத் தவிர வழியில்லை.

பெரிதாகச் செய்ய முடியுமா

வந்து பார்க்கிற எல்லோரும் கேட்பது இதைத்தான். ஜெர்மனியில் 2023-இல் சட்டமே போட்டார்கள்: 2026 ஜூலைக்குப் பிறகு தொடங்கும் பெரிய டேட்டா சென்டர்கள் தங்கள் சூட்டில் குறைந்தது 10 சதவீதமாவது யாருக்காவது பயன்படும்படி செய்ய வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 20 வரை உயரும் என்று. இங்கிலாந்தில் எக்ஸ்மவுத் என்ற கடலோர ஊரில், சலவை மெஷின் அளவுள்ள ஒரு சின்ன சர்வர் பெட்டியை நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே வைத்து 2023-இல் குளத்து நீரைச் சூடாக்கினார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பிபாய் ஊரில் ஒரு டேட்டா சென்டர், குவித்துவைத்த வெண்பனியால் குளிர்வித்து, வரும் சூட்டில் விலாங்கு மீன் வளர்த்தது. எனக்கு இந்த இரண்டும் ஒடென்ஸைவிட நெருக்கமாகத் தெரிகின்றன. குழாய் இல்லாத ஊருக்கு வழி இதுதான்: சூட்டைத் தூரம் கொண்டுபோகாமல், சூடு வேண்டியவர் பக்கத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைப்பது.

வீடுகளைச் சூடாக்குவது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். குளிருக்குப் பேர்போன தளியில் கூட நமக்குக் குளிர் இரண்டு மாதம், அதுவும் விடியற்காலை, கம்பளி போதும். குளிக்க வெந்நீர் வேண்டும்தான், ஆனால் அது 40 டிகிரிக்கு மேல், தினம் அரை மணி நேரத்துக்கு. இந்தச் சூடோ இரவு முழுக்கச் சீராக, தாழ்ந்த தரத்தில் வருவது. விடிய விடிய 27 டிகிரி கேட்கிற வாய் இங்கே பட்டுப்புழுவுக்குத்தான் இருக்கிறது.

ஒரு மெகாவாட் டேட்டா சென்டர் என்றால் எங்கள் ரேக்கைப் போல முந்நூறு. முந்நூறு புழு அறைகள் ஒரே இடத்தில் ஒட்டி இருக்காது. நம் சாக்கி சென்டர்கள் ஊருக்கு ஒன்றாக, தோட்டத்துக்குப் பக்கத்தில் சிதறி இருக்கின்றன, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பெரிய டேட்டா சென்டர்களோ அம்பத்தூர், சிறுசேரி என்று சென்னைப் பக்கம்தான் அதிகம், அங்கே குளிரே கிடையாது. அதனால் பெரிய திட்டம் எதையும் நான் சொல்லவில்லை. ஓசூர், சூளகிரி, பாகலூர்ப் பக்கம் சின்னச் சின்ன அலுவலகங்களில் மூன்று, நான்கு கிலோவாட் ரேக்குகள் இரவில் ஓடுகின்றன. அவற்றில் எது ஒரு புழு அறைக்கு முப்பது அடிக்குள் இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஏசிக்காரர் ஒரு நாள் வந்தால் அவுட்டோர் யூனிட்டை மாற்றிவிடுவார். செப்புக் குழாய் நீள நீள ஏசியின் திறன் குறையும்.

எங்கள் விஷயத்தில் இப்போது இருக்கிற கேள்வி வாடகை ஒப்பந்தம். ஆடியில் முடிகிறது. நிறுவனம் தொடர விரும்புகிறது, மாமாவும்தான். ஆனால் இந்த முறை ஒப்பந்தத்தில் அக்கா இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: ரேக்கை எடுப்பதாக இருந்தால் ஐப்பசிக்கு முன் சொல்ல வேண்டும், சர்வர் அறையில் கொசுமருந்து எந்த வடிவிலும் கூடாது. இரண்டாவது வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கதவிலும் ஒட்டியாயிற்று, தமிழில், தெலுங்கில், கன்னடத்தில்.